தலைவருக்குக் கிடைத்த ஏழு பேர்ச்

தலைவரின் தோளிலிருந்து துண்டு இறங்கிய அந்தக் கணத்தை நான் பார்க்கவில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்து இரண்டாவது ரோல்ஸைத் தின்றுகொண்டிருந்தேன். ஊழலுக்கு எதிரான என் வாழ்நாள் போராட்டத்தின் முக்கியமான கட்டம் என்று பிற்பாடு பலரும் மேடையில் வர்ணித்த நிகழ்ச்சி அது. அப்போது என் வாயில் உருளைக்கிழங்கு இருந்தது. உள்ளே இருந்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் அந்தக் காட்சியை இன்றும் மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். எத்தனை தடவை ஓட்டினாலும் துண்டு முன்கூட்டியே இறங்கிவிடுகிறது.

தலைவர் என்றால் கட்சித் தலைவர் இல்லை. பசறைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவராக இருந்தவர். தொழிலாளர் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம்; எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் மேலே அவருடைய ஒற்றை அறை, அவர் காம்பரா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரையை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டவர் என்று அவருக்குப் பெயர். அவர் லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவு. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து மண்சரிவு அபாயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த லயத்துக் குடும்பங்களுக்குக் கீழே சமதரையில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச், அதாவது ஒரு சின்ன வீட்டு மனை அளவு காணியும் வீடும் என்று முடிவானது. பட்டியலில் பெயர் ஏற வேண்டும், அவ்வளவுதான். பெயர் ஏற்றுகிற அதிகாரி பதுளையில் இருந்தார். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். இந்த ஊரில்தான் நான் தொழில் செய்து சாப்பிட வேண்டும்.

அந்த அதிகாரி தலைவரிடம் காசு கேட்டுவிட்டார். தலைவர் நேராகப் பதுளையில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார்.

"குடுக்கிறதுக்கு வழி இல்லாம இல்ல தம்பி. பொண்டாட்டி காதுத் தோட்ட அடகு வெச்சா குடுத்துரலாம். ஆனா நான் குடுத்தா நாளைக்கு லயத்துல அத்தன பேரும் குடுக்கணும். அப்பறம் நான் தலைவனா இருந்து என்னத்துக்கு?"

அவர் கவலையோடு சொன்னார். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அதுவரை என் ஊழல் எதிர்ப்பு என்பது மனு எழுதுவது, பதில் வராமல் நினைவூட்டல் எழுதுவது, நினைவூட்டலை நினைவூட்டுவது என்று போய்க்கொண்டிருந்தது. முதல் தடவையாக, துணிந்த ஒரு முறைப்பாட்டாளர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கொழும்பு லஞ்ச ஒழிப்பு ஆணைக்குழுவிலிருந்து நான்கு பேர் சாதாரண உடையில் வந்தார்கள். மருந்துப் பொடி தடவிய நோட்டுகளை உறையில் போட்டுத் தலைவரின் சட்டைப் பைக்குள் வைத்தார்கள். அதிகாரி அதைக் கையில் வாங்கிய பிறகு தலைவர் ஓர் அடையாளம் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர்கள் உள்ளே பாய்வார்கள். என்ன அடையாளம் என்பதுதான் கேள்வி. இருமச் சொல்லலாம் என்றார் ஒருவர். தலைவருக்கு வருடம் முழுக்க இருமல் என்பதால் அது கைவிடப்பட்டது. அப்போது அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்து, "நீங்கள் இந்த மக்களோடு பிறந்து வளர்ந்தவர். சந்தேகம் வராதபடி, இயல்பாக இவர் என்ன செய்வார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கட்டும்" என்றேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கே என்னைப் பிடித்துப்போய்த்தான் ரோல்ஸ் சாப்பிடப் போனேன்.

அறை வாசலில் தலைவர் கால் வைத்தார். அதிகாரி தலையை நிமிர்த்திப் பார்த்தார். தலைவரின் கை தோளுக்குப் போய்த் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தது. வணக்கம்கூட இன்னும் சொல்லவில்லை. துண்டு இறங்கியதை மட்டும் பார்த்து, நடைபாதையில் நின்றிருந்த நான்கு பேரும் ஓடிவந்து பாய்ந்தார்கள். உறை தலைவரின் பைக்குள் இருந்தது. அதிகாரியின் கையில் ஒரு பேனா மட்டும் இருந்தது. அவர் அதை மூடி மேசையில் வைத்துவிட்டு, நிதானமாக அவர்களுடைய அடையாள அட்டைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாராம்.

பெரியவர்கள் அறைக்குள் போகும்போது துண்டு இறங்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் அப்பாவின் துண்டு கணக்கப்பிள்ளையைக் கண்டாலே இறங்கும். பதினெட்டு வருடம் தினமும் பார்த்தது. கறுப்புக் கோட்டைப் போட்டதும் அது எனக்கு மறந்துபோனது. நானே நீதிபதி வரும்போது எழுந்து குனிகிறேன், அதற்குக் கட்டணமும் வாங்குகிறேன் என்பது வேறு விஷயம்.

பஸ் நிலையத்தில் தலைவர் துண்டை மடித்து மடித்து விரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் எடுக்கல தம்பி. அதுவா எறங்கிருச்சு."

"பரவாயில்ல தலைவரே."

"துரைகூட எத்தன சண்ட போட்டிருக்கேன். அப்பவும் துண்டு கக்கத்துலதான் இருந்திருக்கும்போல. இத்தன வருசமா நான் கவனிக்கல."

கேட்டதே குற்றம்தான். ஆனால் கேட்டதற்குச் சாட்சி தலைவரின் காது மட்டும். கோப்பு மூடப்பட்டது. அடுத்த மாதம் வந்த பட்டியலில் அந்த லயத்தில் அவர் பெயர் மட்டும் இல்லை. நான் மேல் நீதிமன்றத்தில் 'ரிட்' எனும் எழுத்தாணை மனுப் போட்டேன். தவணை, தவணைக்கு மேல் தவணை. அரசாங்கத் தரப்புக்குக் காய்ச்சல், எனக்குக் காய்ச்சல், நீதிபதிக்கு மாற்றம். கடைசியில் ஜெயித்தோம். தலைவரின் விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மீண்டும் பரிசீலித்தார்கள். மீண்டும் நிராகரித்து ஒரு வரியில் கடிதம் அனுப்பினார்கள். சட்டம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

அந்தத் தீர்ப்பு எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. கருத்தரங்குகளுக்குக் கூப்பிட்டார்கள். கொழும்பு ஹோட்டல்களில் நான் துண்டுக் கதையைச் சொல்வேன். வாசலில் தலைவர் நிற்பதை நடித்தும் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த அடையாளத்தைத் தெரிவு செய்தது யார் என்ற இடம் வரும்போது, "அதிகாரிகள் தெரிவு செய்தார்கள்" என்று தாண்டிப் போய்விடுவேன். வழக்கும் மேடையுமாகப் பதினொரு வருடம் போனது. அதற்குள் தலைவரின் மகள் அதே காம்பராவிலேயே கல்யாணமாகிப் பிள்ளை பெற்றாள். சுவர் வெடிப்பைச் சிமெந்து போட்டு அடைத்தார்கள், அது பக்கத்திலேயே வேறு இடத்தில் திறந்துகொண்டது.

போன வருடம் தலைவர் வந்தார். மெலிந்திருந்தார். வெற்றிலையும் பாக்கும் வைத்த தட்டை மேசையில் வைத்தார்.

"எங் கதைய மீட்டிங்குல சொல்றீங்களாமே தம்பி. சனம் நல்லா சிரிக்குதாமே."

நான் மேசையிலிருந்த ஒரு கோப்பைத் திறந்து மூடினேன்.

"சிரிக்கட்டும். யாரு ஐடியான்னு சொன்னா இன்னுங் கொஞ்சம் சிரிக்கும்" என்றார். கோபமே இல்லை. பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். "வீடு கெடச்சிருச்சு. வெள்ளிக்கெழம காலையில பால் காய்ச்சுறோம்."

"எப்படி?"

"மருமகன் குடுத்துட்டான்."

"யாருக்கு?"

"அதே ஐயாவுக்குத்தான். இப்ப பெரிய சீட்டுக்குப் போயிட்டாரு. பழச மனசுல வெச்சுக்கலன்னு மருமகன்கிட்ட சொன்னாராம்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பேத்தி படுக்கிற பக்கம் செவரு தள்ளிக்கிட்டு வருது தம்பி. நான் தலைவனா இருந்தது போதும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

கொடுப்பதும் குற்றம்தான். அதைப் பற்றி இரண்டு மணிநேரம் பேச என்னால் முடியும், பேசியும் இருக்கிறேன். அன்று, "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று மட்டும் கேட்டேன்.

போனேன். அன்று காலையிலிருந்தே விடாத மழை. இரண்டு அறை, சிமெந்துத் தரை, சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. என்னை இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்துப் பால் கொடுத்தார்கள். பழைய காம்பராவில் தூறல் விழுந்தாலே பேத்தியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்துவிடுவோம் என்று தலைவரின் மனைவி சொன்னார். இங்கே தகரக் கூரையில் பேச்சுக் கேட்காத அளவுக்கு மழை கொட்டியது. அந்தப் பிள்ளை சுவரோரம் பாயில் கையைக் காலை விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தூக்கவில்லை. வருடக்கணக்கில் வாதாடி என்னால் வாங்கிக் கொடுக்க முடியாத தூக்கத்தை, நான் எதிர்த்து வாதாடிய அந்த மனிதர் ஒரு கையெழுத்தில் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.