தலை தட்டிய படி

வள்ளித்தாய்க்கு யாரையும் நம்பப் பிடிக்காது. தென்காசித் தேரோட்டம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன புருஷன் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டதை மூன்று மாதம் கழித்துக் கேள்விப்பட்டவள் வேறு எப்படி இருப்பாள்? இலஞ்சியை விட்டுவந்து குற்றாலத்தில் ஒரு துரை பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. பால்காரன் கண்முன்னே கறந்தாலும், கறக்குமுன் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிடுவாள்.

சாரல் காலம் வந்தால் துரைசாணிக்கு நாவல்பழ ஜாம் வேண்டும். கழுவின பழம் எத்தனை ராத்தலோ, சீனியும் அத்தனை ராத்தல். சீனியைக் கடையில் நிறுத்துத் தருவார்கள். பழமோ படிக்கணக்கு, பங்களாவில் தராசும் கிடையாது. அதனால் முதல் வருஷமே, மேலகரத்திலிருந்து கூடை சுமந்து வரும் நூர்நிஷாவிடம் ஒரு படி வாங்கி, வல்லிநாயகம் பிள்ளை மளிகைக் கடையில் நிறுத்துப் பார்த்தாள். இரண்டரை ராத்தல் இருந்தது. அன்றுமுதல் படிக்கு இரண்டரை ராத்தல் சீனி போட்டாள். ஜாம் நாக்கில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

நூர்நிஷா முதல் படியை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று சொல்லி அளப்பாள். ஒவ்வொரு படியையும் விளிம்புக்கு மேல் கோபுரமாகக் குவித்துத்தான் கொட்டுவாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வள்ளித்தாய் பல்லை மட்டுமா பார்ப்பாள், குடலையும் எட்டிப் பார்ப்பாள். இரண்டு வருஷம் பொறுத்தவளுக்கு மூன்றாம் வருஷம் தாங்கவில்லை. கேட்காமலே ஒருத்தி எதற்குக் கூடக் கொடுக்கிறாள்? மேலே நல்ல பழத்தைக் காட்டி அடியில் அழுகலைத் தள்ளவா?

“ஏட்டி, எனக்குக் குமிச்சு அளக்க வேண்டாம். தலை தட்டிப் போடு. அளவுன்னா அளவா இருக்கணும்.”

“உங்க இஷ்டம்க்கா” என்று நூர்நிஷா உள்ளங்கையால் வழித்து, மேலே நின்ற பழத்தைக் கூடைக்கே தள்ளினாள்.

அந்த வாரம் ஜாம் பாறையாக இறுகி, மேலே சீனி பூத்தது. அடுத்த வாரமும் அப்படித்தான். துரைசாணி ஜாடியில் குத்திய கரண்டி குத்தியபடியே நின்றது. “இன்னொரு தரம் இப்படி ஆனா, நீ ஊருக்குப் போ” என்றாள். ஊரில் வள்ளித்தாய்க்கு யார் இருக்கிறார்கள்?

படிக்கு அதே இரண்டரை ராத்தல் சீனிதான் போடுகிறாள்; அப்படியானால் பழம்தான் குறைகிறது, அவளுக்கு அதில் சந்தேகமில்லை. படியின் அடித்தகட்டை உள்ளே தூக்கி வைத்திருக்கிறாள் கள்ளி! மறுநாள் நூர்நிஷாவைக் கூடையோடு கடைக்கு இழுத்துப் போனாள்.

“அண்ணாச்சி, இவ படியை நிறுத்துப் பாருங்க. ஊரையே ஏமாத்துதா!”

தலை தட்டிய ஒரு படியை வல்லிநாயகம் பிள்ளை நிறுத்தார். இரண்டு ராத்தல்தான் இருந்தது.

“பாத்தியளா? அரை ராத்தலை முழுங்கிட்டா!”

கடையில் நின்றவர்கள் எல்லோரும் நூர்நிஷாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதே படியை மறுபடி நிரப்பி, பழையபடி கோபுரமாகக் குவித்துத் தட்டில் கொட்டினாள். இரண்டரை ராத்தல் கல்லுக்குத் தராசு முள் நேராக நின்றது.

“வழிச்சுப் போடச் சொன்னது நீங்கதானக்கா. ஆம்பளத் துணை இல்லாம ஒத்தையில கெடந்து பாடுபடுதியளேன்னு உங்களுக்கு மட்டுந்தான் குமிச்சுப் போட்டேன். கள்ளின்னு பேரு வாங்கவா போட்டேன்? நாளையிலருந்து வேற ஆளு பாத்துக்கிடுங்க.”

வள்ளித்தாய் அதன்பிறகு சந்தையில் பழம் வாங்கி, தலை தட்டின படிக்கு இரண்டு ராத்தல் சீனி என்று கணக்கை மாற்றினாள். ஜாம் சரியாக வந்தது, வேலையும் நிலைத்தது.

அடுத்த சாரலுக்கு வந்த புதுப் பழக்காரி கேட்காமலே குவித்து அளந்தாள். பாத்திரத்தில் கொட்டினால் அடியில் பாதி அழுகல். திட்டுவதற்கு வாயைத் திறந்த வள்ளித்தாய், வாசலில் நூர்நிஷா கூடையோடு அடுத்த பங்களாவுக்குப் போவதைப் பார்த்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வள்ளித்தாய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அழுகலை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.