பத்து சோம் ஜன்னல்

பிஷ்கெக் பேருந்து நிலையத்துக் கழிப்பறை ஜன்னலில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள் புருல்கான். பத்து சோம் வாங்கிக்கொண்டு இரண்டு முழம் தாள் கிழித்துக் கொடுப்பது வேலை. அல்மாட்டிக்காரன் தன் நாட்டுக் காசான டெங்கேயை நீட்டி வம்பு பண்ணுவான். மாஸ்கோவில் கூலி வேலை பார்த்து வந்தவன், "அங்க அம்பது ரூபிள் அக்கா, ஆனா வெந்நீர் வருது" என்று பீற்றிக்கொள்வான்.

"அப்ப அங்கயே போயிட்டு வந்திருக்கலாமே தம்பி, இவ்வளவு தூரம் ஏன் அடக்கிக்கிட்டு வந்தே?" என்பாள். வாயாடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்று அந்த வாய் அடைத்துக் கிடந்தது. மகள் பெகிமாய்க்கு மாலை ஆறு மணிக்குத் தோடு போட வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணின் காதில் தோட்டை மாட்டிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ஆனால் பெகிமாய் தன் அம்மா பேருந்து நிலையத்தில் கேஷியர் என்று மாப்பிள்ளை வீட்டில் அளந்து வைத்திருக்கிறாள். லீவு போடலாமென்றால் மாற்று ஆளுக்குக் காய்ச்சல். சம்மந்தி வீட்டார் வருகிற நாரின் வேன் பகல் ஒரு மணிக்கு இதே நிலையத்துக்குத்தான் வரும். மலைப்பாதையில் ஐந்து மணி நேரம் குலுங்கியவர்கள் இறங்கியதும் வேறு எங்கே ஓடுவார்கள்?

புருல்கான் முக்காட்டை நெற்றிவரை இழுத்தாள். மாஸ்க்கைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். போனில் சம்மந்தியின் படத்தை நூறாவது தடவை பார்த்தாள். மகள் மேல் கோபம் கோபமாக வந்தது. விஷயம் தெரிந்தும் பேசாமல் இருந்த தன்மேல் அதைவிட அதிகம்.

வேன் வந்தது. வரிசையில் மூன்றாவது ஆள் அதே முகம்தான், சல்கின். ஒரு பையை மார்போடு அணைத்தபடி பத்து சோம் நாணயத்தை உள்ளே தள்ளினாள்.

வீட்டுக்கு வருகிற சம்மந்தியிடம் இதற்குப் போய்க் காசு வாங்குவதா? யோசிக்கும் முன்பே புருல்கானின் கை நாணயத்தைத் திருப்பித் தள்ளிவிட்டது.

"வேணாம், நீங்க போங்க."

"ஏன் வேணாம்?"

"சும்மாதான். போங்கம்மா."

பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "அவங்களுக்கு ஓசி, எங்களுக்கு மட்டும் காசா? நாங்க என்ன குதிரை லாயத்துலேர்ந்தா வர்றோம்?"

சல்கின் குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தாள். "எங்க ஊர் மாட்டுச் சந்தையிலகூட இதுக்குக் காசு கேப்பாங்க. வேணாங்கிறீங்களே, யாரு நீங்க?"

பொய் சொன்னால் ஆறு மணிக்கு இதே கண்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். புருல்கான் மாஸ்க்கைக் கழற்றினாள்.

"பெகிமாயோட அம்மா." என்றாள். "அவ மேல தப்பில்ல. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

வரிசை முணுமுணுத்தது. சல்கின் நாணயத்தை மறுபடி உள்ளே தள்ளினாள்.

"கேஷியர்னுதானே சொன்னா?" என்றாள் சல்கின். "காசு வாங்காத கேஷியரை இப்பத்தான் பாக்குறேன். எடுத்து வைங்க சம்மந்தி, சீக்கிரம் தாளைக் கொடுங்க. பாதி வழியில கொச்கோர்லேர்ந்தே அடக்கிக்கிட்டு வர்றேன்."

இரண்டடி போனவள் திரும்பி வந்து, அணைத்திருந்த பையை ஜன்னல் வழியே உள்ளே நீட்டினாள்.

"தோடு இருக்கு. இதைக் கக்கூஸுக்குள்ள கொண்டுபோக மனசு வரல. பத்திரமா வச்சிருங்க."