ஊசிக்குருவி, பூஜ்யம்

பேசிக்கொண்டே வந்த அக்கா சட்டென்று நின்று வலது உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொள்கிறார். இடது கை, கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சை அமுக்குகிறது. அந்த நொடியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு அவர் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது, செருப்பைத் தேய்க்கக்கூடாது. முதல் நாள் விவரம் தெரியாமல் நான் தொண்டையைச் செருமிவிட்டேன். "தம்பி, இப்ப காது வேலை பாக்குது. மத்த எல்லாத்துக்கும் லீவு விடுங்க" என்றார்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு மூன்று தளங்கள். மேலே வைரஸ்காரர்கள், நடுவில் மூளைக்காரர்கள், கீழே புல், புதர், பறவை என்று நாங்கள். வைரஸுக்கு ஏ.சி. உண்டு, மூளைக்கும் உண்டு, எங்களுக்கு ஜன்னல் உண்டு. பதிவேட்டில் அக்காவின் பதவி கள உதவியாளர். கூப்பிடுவது காதக்கா. வாரத்தில் இரண்டு நாள், விடிந்ததும் ஆற்றோரப் பாதையில் இருபது இடங்களில் நின்று, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் கேட்டு, எந்தப் பறவை எத்தனை என்று எழுதுவார். புதருக்குள் இருக்கிற கட்டைவிரல் அளவுக் குருவியைக் கண்ணால் எண்ண முடியாது. காதை நம்பித்தான் கணக்கு. இருபத்தொன்பது வருடமாக அது இவருடைய காது.

ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தான். ஒருமுறை, எங்கோ தூர தேசத்திலிருந்து வழிதவறி வந்த ஒரு பறவை நேரம் முடிந்து இரண்டு நொடி கழித்துக் கூவியது. கூடப் போயிருந்த விஞ்ஞானி துள்ளிக் குதித்தார். அக்கா பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு செகண்டு லேட்டு சார். அடுத்த வருஷம் நேரத்தோட வரச் சொல்லுங்க." விஞ்ஞானி எவ்வளவோ கெஞ்சியும் அந்தப் பறவை கணக்கில் ஏறவில்லை.

அலுவலக வேன் வாசலில் வந்து நிற்கும்போதே, உள்ளே எது ஆட்டம் கண்டிருக்கிறது என்று ஓட்டுநருக்கு முன்னால் சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வீட்டுக்காரர் தையல்காரர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "ஒரு மைல் தள்ளி குருவி தும்முனா இவளுக்குக் கேக்கும். வீட்டுல ஃபிரிட்ஜ் கதவத் திறந்து போட்டுட்டு வந்துருவா, அது பாவம் பீப் பீப்னு அழுதுட்டே கெடக்கும், அது மட்டும் கேக்காது!" நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஸ்டாப்வாட்ச் ஐந்தாவது நிமிடத்தில் ஒலிப்பதும் அக்காவுக்குக் கேட்காது. "இப்ப வர்ற கடிகாரமெல்லாம் ஊமை" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு முள்ளைப் பார்த்தே நேரம் கணக்கிட்டார். இத்தனை படித்தவர்கள் இருந்த கட்டடத்தில் ஒருவருக்கும் மூளையில் மணியடிக்கவில்லை.

ஊசிக்குருவி என்பது அக்கா வைத்த பெயர். அறிவியல் பெயர் அந்தக் குருவியைவிட நீளம். ஊசியில் நூல் இழுப்பதுபோல் மெல்லிசாக, மிக உச்சியில் ஒரு குரல். அந்தப் பாதையில் முதல் தடவை அதைக் கேட்டுச் சொன்னவரே இவர்தான். அதனால் சொந்தம் கொண்டாடுவார். "நம்ம புள்ளைங்க" என்பார். நம்ம புள்ளைங்களின் எண்ணிக்கை எட்டு வருடத்துக்கு முன்னால் பதினாலு. அடுத்து ஒன்பது, ஐந்து, இரண்டு. அதன்பின் மூன்று வருடம் தொடர்ந்து பூஜ்யம்.

ஆண்டறிக்கை எழுதுவது என் வேலை. அக்காவின் பூஜ்யத்தை எடுத்து, "ஆற்றோரப் புதர்களிலிருந்து இச்சிறு பறவை முற்றிலும் மறைந்துவிட்டது" என்று எழுதியவன் நான்தான். நல்ல வாக்கியம் என்று அன்றைக்கு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பதினோராவது நிறுத்தத்தில் இருந்த பெரிய புதர்க்காட்டை யாரும் தொடாமல் விட்டு வைத்திருந்ததே அந்தக் குருவிக்காகத்தான். குருவி இல்லையென்று அச்சில் வந்துவிட்டது. நான்கே மாதத்தில் இயந்திரம் வந்து இறங்கியது. இப்போது அங்கே ஒரு கிடங்கு இருக்கிறது. வழித்துப் போட்ட செடிகளைப் பார்த்துக்கொண்டு அக்கா என்னிடம், "விடுங்க தம்பி. அதுங்களே போயிடுச்சு, வீடு இருந்து என்ன ஆகப்போகுது" என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

மறுவருடம், வயதாகும்போது காதையும் மூளையையும் என்ன செய்கிறது என்று பார்க்க நடுத்தளத்தில் ஆள் தேடினார்கள். அக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். "என் காத வச்சு அவங்களுக்குப் பாடம் எடுக்கலாம்" என்று புதுப்புடவை கட்டிக்கொண்டு மாடியேறினார். ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கீழ்ச் சுருதிக்கெல்லாம் பள்ளிப்பிள்ளை மாதிரி சட்சட்டென்று தூக்கினாராம். ஒரு சுருதிக்கு மேல் போனதும் கை மடியிலேயே இருந்துவிட்டது. சோதித்த பெண் கருவிதான் பழுது என்று நினைத்து வேறு ஹெட்போன் கொண்டுவந்தாள். அதிலும் கை எழவில்லை.

அந்தப் பெண் பக்குவமாகத்தான் சொன்னாள். "காது கொஞ்சம் கொஞ்சமா விட்டுப்போகும்கா. விட்டுப்போன எடத்துல மூளை ஓட்டையக் காட்டாது. வெளிய அமைதியா இருக்குன்னு காட்டிரும். அதனால யாருக்குமே தெரியறதில்ல."

"அப்போ எனக்குப் பொய் சொல்லியிருக்கு."

"பொய்னு இல்லக்கா, அதோட சுபாவம் அது."

"அதை நான் எழுதிக் கையெழுத்துல்ல போட்டிருக்கேன்."

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் என் மேசைக்கு வந்தார். ஊசிக்குருவியின் சுருதி எவ்வளவு என்று பழைய ஆய்வுத் தாள்களில் பார்க்கச் சொன்னார். அவர் கை எங்கே நின்றதோ, அதற்கு இன்னும் மேலே இருந்தது. மறுநாளே ஒலிப்பதிவுக் கருவியை வாங்கிக்கொண்டு போய் ஏழாவது நிறுத்தத்துப் புதரில் கட்டினார். கணினி அந்த ஒலியைக் கோடுகளாக வரைந்து காட்டியது. ஒரே காலையில் இருபத்திரண்டு தடவை நம்ம புள்ளைங்க பாடியிருந்தன. அக்கா திரையில் ஒவ்வொரு கோடாக விரல் வைத்துக்கொண்டே போனார். பதினோராவதில் எத்தனை இருந்தன என்று இனி எந்தக் கருவியும் சொல்லாது.

திருத்தம் போடச் சொல்லி நேரே இயக்குநர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு, "யாரும் கவனிக்க மாட்டாங்கம்மா. ரிட்டயர் ஆகிற நேரத்துல எதுக்கு உங்க பேரக் கெடுத்துக்கிறீங்க?" என்றார்.

"நான் கவனிச்சுட்டேனே சார்."

திருத்தம் வந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், அச்சக முகவரிக்கு மேலே மூன்று வரி. அதையும் நான்தான் எழுதினேன். இந்த முறை நல்ல வாக்கியமாக வரவேண்டும் என்று தோன்றவில்லை. அவர் எழுதிய பூஜ்யத்தை வாக்கியமாக்கும்முன் "அக்கா, நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

காதுக்குக் கருவி வாங்கி மாட்டிவிட்டார் வீட்டுக்காரர். ஃபிரிட்ஜின் அழுகை இப்போது அக்காவுக்குக் கேட்கிறதாம். ஆனால் ஸ்டாப்வாட்ச் ஒலியும் ஊசிக்குருவியும் அந்தக் கருவிக்கும் எட்டாது. தையல்காரர் இப்போதெல்லாம் குருவி ஜோக் அடிப்பதில்லை.

ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம். எல்லா நிறுத்தங்களிலும் ஒலிப்பதிவுக் கருவி கட்டியாகிவிட்டது. அக்கா போக வேண்டிய அவசியமே இல்லை. போகிறார். யாரும் கேட்காமலே நானும் கூடப் போகிறேன். ஏழாவது நிறுத்தத்தில் அவர் புதரைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு அந்த நூல் குரல் கேட்கிறது. இரண்டு விரலைக் காட்டுகிறேன். இரண்டு என்று எழுதி, குறிப்பு என்ற கட்டத்தில் "தம்பி காது" என்று சேர்க்கிறார். "நான் கேட்ட மாதிரி எழுதக்கூடாதில்ல" என்கிறார்.

பதினோராவது நிறுத்தத்தில் மதில், இரும்புக் கதவு, சரக்கு ஏற்றும் லாரிகள். மதிலோரத்தில் கொஞ்சம் புல். அக்கா ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வைக்கிறார். கண் என் முகத்தில் இருக்கிறது. ஒரு விரலைக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஐந்தாவது நிமிடம் முடிந்து வாட்ச் ஒலிக்கிறது; அது எனக்கு மட்டும் கேட்கிறது. நேரமாகிவிட்டது என்று என் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுகிறேன்.

அக்கா வாட்சைக் குனிந்து பார்க்கிறார். பென்சிலை எடுக்கவில்லை. முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடியும் அமுக்கிவிட்டு, உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்.