என் பெயரில் போன எச்சில்

எனக்கு ஓர் ஆங்கிலேயக் குடும்பப் பெயர் இருக்கிறது. அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. அதை வைத்து இதுவரை அடித்த கூத்து போதும். ஆள் நல்ல கறுப்பு. திண்டுக்கல்லில் பிறந்து, பழனி ரோட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருபத்தைந்து வருடமாக ஆங்கிலம் நடத்துகிறவன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘கருப்புத் துரை’. காதில் விழாத மாதிரி நடந்து போவேன். அதில் ‘துரை’ என்ற பாதி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் துரை அப்பா கட்டிவிட்ட கதை. ரயில் பாதை போட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வழியில் வந்த குடும்பமாம் நாங்கள். எங்கள் ஊரில் பெயர் கேட்கிறவர்கள் பெயரோடு விடமாட்டார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அங்கே யார் வீட்டுக்குப் பக்கம் என்று சுற்றி வளைத்து சாதியில் வந்து நிற்பார்கள். எங்கள் பெயரைச் சொன்னால் மட்டும் முதல் கேள்வியோடு வாயடைத்துப் போவார்கள். “ஓ, ஆங்கிலோ இந்தியனா” என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள். அப்பா இல்லை என்று சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்கு வேலை கிடைத்தது அதில்தான். என் மாமனார் தன் சொந்தக்காரர்களிடம் வெள்ளைக்கார வம்சத்தில் பெண் கொடுத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டதும் அதில்தான்.

அப்பா இறந்தபோது உண்மை தெரிந்தது. அடக்கத்துக்காகக் கோயிலில் எழுதப் போன இடத்தில், பதிவேடு பார்க்கிறவர் ஆர்வக்கோளாறில் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அப்பாவின் தாத்தா அதில் இருந்தார். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பையன், அய்யலூர் பக்கம், வயது நாலு இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட அநாதைப் பிள்ளைகளை மிஷன் விடுதியில் வளர்க்க இங்கிலாந்தில் இருக்கிற குடும்பங்கள் பணம் அனுப்புமாம். எந்தக் குடும்பம் அனுப்புகிறதோ அந்தக் குடும்பத்தின் பெயரையே பிள்ளைக்கு வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்களாம். ஆக, எங்களுக்குத் துரையும் இல்லை, ரயிலும் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மனைவியிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை.

போன வருடம் ஜனவரியில் அதே பெயருள்ள இங்கிலாந்துக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் அந்தப் பெயர் வைத்திருக்கிற ஒவ்வொருவரையும் பட்டியல் போடுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. பள்ளியின் இணையதளத்தில் என் பெயரைப் பார்த்து எழுதியிருந்தார். நானும் அப்பாவின் கதையைக் கூசாமல் பதிலாக எழுதிப் போட்டிருந்தேன். எங்கள் வீட்டு மேசையில் அவர் ஒரு வரைபடத்தை விரித்தார். எங்கள் பெயர் முதலில் ஓடைக்கரையில் இருந்த ஒரு சின்ன ஊரின் பெயர். அந்த ஊரைவிட்டுப் போனவர்களை அந்த ஊர்க்காரன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே குடும்பப் பெயராகிவிட்டது என்றார். ஒரே மாவட்டத்தில் சிவப்புப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. அப்புறம் மில்கள் இருந்த ஊர்களில் கொஞ்சம், கனடாவில் கொஞ்சம், ஆஸ்திரேலியாவில் கொஞ்சம். இந்தியாவின் அடிப்பக்கத்தில் தன்னந்தனியாக ஒரு புள்ளி. அது நான்.

பெயர் ஒன்றாக இருப்பதால் ரத்தம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் அவர். குலதெய்வம் தகப்பன் வழியில் வருகிற மாதிரி, ஆணிலிருந்து ஆணுக்கு மட்டும் இறங்குகிற ஏதோ ஒன்று உடம்பில் இருக்கிறதாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். கூடவே, நெருங்கிய சொந்தம் யாராவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதையும் காட்டிக்கொடுக்கும். ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தார். அதில் என் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் ஒட்டி இருந்தன. காலையில் பல் விளக்குவதற்கு முன் எடுத்து வையுங்கள், கொடைக்கானல் போகிற வழியில் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அன்று சாயங்காலமே பள்ளித் தாளாளர் அவரை மேடையில் ஏற்றி, “நம்ம சாரோட சொந்தக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்திருக்கார், டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் பெரிசா ஒரு விழா எடுப்போம்” என்று மைக்கில் முழங்கிவிட்டார். என் மனைவி அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அய்யலூர் பையனின் ரத்தம் அந்தப் பஞ்சில் ஏறினால் என் மூக்கு ஊர் முன்னால் உடையும். இரவெல்லாம் புரண்டு படுத்து, விடியும்போது ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பக்கத்து வீட்டில் அங்கிள் இருந்தார். ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், நிஜமான ஆங்கிலோ இந்தியன், எண்பதை நெருங்குகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா வெள்ளைக்காரச் சிப்பாய். இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே கப்பலேறிவிட்டார். அம்மா அந்த ஆளின் பெயரைக்கூடச் சொல்லாமல் செத்துப்போனார். அங்கிளுக்கு இருப்பது அம்மா வீட்டுப் பெயர். “ஃபார்ம்ல ஃபாதர் நேம்னு கேட்டா சும்மா ஒரு கோடு போட்டுருவேன் மேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“என்னா மேன், இம்புட்டு காலையில?”

“ஸ்கூல்ல இலவசமா ஒரு டெஸ்ட் பண்றாங்க அங்கிள். சுகர் மாதிரிதான். வயசானவங்களுக்கு நல்லது. செத்த நேரம் வாயைத் திறங்க.”

என்ன டெஸ்ட், எதற்கு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். நான் இரண்டு கன்னத்திலும் தேய்த்து எடுத்தேன். “தேங்க்ஸ்பா, என்னைய நெனச்சுக்கிட்டு வந்தியே” என்றார். ஒன்பது மணிக்கு இங்கிலாந்துக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டு, கொடைக்கானலுக்குக் காரில் போனார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நடந்ததால் கார் ஊர்ந்துதான் போனது. அது கண்ணிலிருந்து மறையும் வரை வாசலிலேயே நின்றேன்.

ஏப்ரலில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்று இங்கிலாந்துக்காரருடையது. என் தகப்பன் வழி இங்கிலாந்துதான், ஆனால் அவர்களுடைய வழி இல்லை, வேறொரு குடும்பம் என்று எழுதியிருந்தார். அதற்காக வருத்தப்படாதீர்கள், தத்து எடுத்ததிலோ தர்மத்திலோ வந்த பெயராக இருந்தாலும் நீங்கள் எங்கள் பட்டியலில் இருப்பீர்கள் என்றும் சேர்த்திருந்தார். அதைப் படித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். இதைத்தான் அந்த மனுஷன் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது நான் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவதை எழுதியவர் எழுபத்தைந்து வயதுக்காரர். எச்சிலில் எனக்கும் அவருக்கும் அண்ணன் தம்பி அளவுக்கு நெருக்கம் காட்டுகிறதாம். ‘என் அப்பா யுத்த காலத்தில் தென்னிந்தியாவில் சிப்பாயாக இருந்தார். சாகும்போது அங்கே ஒரு மகனை விட்டுவிட்டு வந்ததைச் சொல்லி அழுதார். அது நீங்களா, உங்கள் அப்பாவா? அவர் உயிரோடு இருக்கிறாரா? எனக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் எழுதுங்கள்’ என்று இருந்தது. கீழே அந்தச் சிப்பாயின் முழுப் பெயர்.

அங்கிள் வாழ்நாள் முழுக்க கோடு போட்டு நிரப்பிய இடத்தில் எழுத வேண்டிய பெயர் அது. என் கைபேசியில் வந்து கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது.

சப்பைக்கட்டு கட்ட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்னால், எச்சில் எப்படிப் போனது என்று அவர் கேட்பார். அவருக்குத் தெரிந்தால் என் மனைவிக்குத் தெரியும், பிறகு பள்ளிக்கு. பரீட்சை முடியட்டும் என்றேன். ஸ்கூல் திறக்கட்டும் என்றேன். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகட்டும் என்றேன்; அவரோ பயந்துகொண்டு அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார், எனக்கும் அது வசதியாகப் போயிற்று. தாளாளரிடம் ‘இங்கிலாந்து ரத்தம்தான் சார்’ என்று மட்டும் சொன்னேன். அவர் எனக்குச் சால்வை போர்த்தினார். வீட்டில் ஆட்டுக்கறி எடுத்தால் ஒரு கிண்ணம் அங்கிளுக்குப் போனது. “ஏங்க, அவரு மேல ஒங்களுக்கு திடீர்னு இம்புட்டுப் பாசம்?” என்றாள் மனைவி. பாசமா அது!

டிசம்பர் முதல் ஞாயிறு. கோயில் முடிந்து அங்கிளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். படியேறும்போது, “கிறிஸ்துமஸுக்கு எனக்கு கார்டு போட ஒரு நாயும் இல்ல மேன்” என்றார், வழக்கமான சிரிப்போடு. என்னால் முடியவில்லை. உட்காரவைத்து, “அங்கிள், ஜனவரியில உங்க வாயில பஞ்சு வச்சு எடுத்தேன்ல, அது சுகர் டெஸ்ட் இல்ல” என்று ஆரம்பித்தேன். சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் என்றேன். உங்கள் அப்பா பெயர் கிடைத்திருக்கிறது, உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறார் என்றேன். அடுத்தது, அதை நான் ஏன் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்காகவா செஞ்ச?”

தலையை ஆட்டினேன்.

“எப்ப வந்துச்சு ரிசல்ட்?”

“நேத்து” என்றேன்.

பாவி, இரண்டு மூச்சில் இரண்டு பொய். அவர் அழுதார். அப்பாவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். தம்பிக்கு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: நான் நன்றாக இருக்கிறேன், அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை, உன் போட்டோ ஒன்று அனுப்பு. அன்று சாயங்காலமே அனுப்பினேன்.

நாலாம் நாள் தம்பியின் மகளிடமிருந்து பதில் வந்தது. அப்பா செப்டம்பரில் இறந்துவிட்டார்; ஏப்ரலில் எழுதிவிட்டு, கடைசி வாரம் வரை தினமும் இந்தியாவிலிருந்து பதில் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்று எழுதியிருந்தாள். அங்கிளுக்குப் படிக்கிற அளவுக்குக் கண் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஏப்ரல் இருந்த வரியை விட்டுவிட்டு வாசித்தேன்.

என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

“மூணு மாசத்துல தவறிப்போச்சேப்பா” என்றார். “ஒன்னையச் சொல்லி என்ன செய்ய, நீ ரிசல்ட் கண்டதும் ஓடியாந்துட்ட. நாந்தான் எம்புட்டு வருசம் தேடாமயே கெடந்துட்டேன். எல்லாம் எந் தப்பு.”

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், புரை விழுந்த கண்ணோடு.

“டீ ஆறுது அங்கிள், குடிங்க” என்றேன்.