ஆளுக்கொரு காது

ஏப்ரல் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை எங்கள் வீட்டில் யாரும் காபியைச் சூடாகக் குடித்ததாக எனக்கு நினைவில்லை. மகளுக்கு ஆண்டுத் தேர்வு. தேர்வு முடிந்த மறுநாளே அம்மை போட்டது. அவளுக்கு இறங்கியதும் மூன்று வயது மகனுக்குப் போட்டது. வேப்பிலை கேட்டு நானும் என் கணவரும் துடியலூரில் தெரியாத வீட்டு வாசல்களில் எல்லாம் நின்றோம். எல்லோரும் தேறிய பிறகு ஒரு நாள் வால்பாறைக்குக் கிளம்பினோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே பிள்ளைகள் இருவரும் வாந்தி எடுக்க, வண்டியைத் திருப்பிவிட்டோம். வால்பாறை என்றால் மகனுக்கு இன்றும் ஒரு பிளாஸ்டிக் பைதான் ஞாபகம் வருகிறது.

நான் செய்தித்தாளில் செய்திகளை வெட்டிச் சுருக்கிப் பக்கம் முடிக்கும் வேலை பார்ப்பவள். இரண்டு மாதத்தை ஒரு பத்தியில் சுருக்குவது பழக்கமான காரியம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அப்படிச் சுருக்க முடியவில்லை.

மகளுக்குப் பத்து வயது. மாலை நேரங்களில் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மைதானத்தில், வள்ளி கதையைப் பாடிக் கைதட்டி ஆடும் வள்ளி கும்மி பழகிக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏப்ரலிலேயே அரங்கேறிவிட்டார்கள். அன்று இவள் அம்மையோடு படுத்திருந்தாள். மைதானத்துப் பாட்டு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கேட்டது. போர்வைக்குள் அவள் கைகள் மட்டும் தாளம் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அடுத்த குழுவோடு ஆடலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

"இந்தத் தடவ உட்றாத அம்மணி. மொதப் பாட்டுக்கே வரிசைல நிக்கோணும். பாதில வந்தா சேத்த முடியாது, பாத்துக்க."

கோடை மழையால் அந்த அரங்கேற்றம் ஒரு வாரம் தள்ளிப்போனது. தள்ளிப்போய் நின்ற இடம், மகனுக்குக் காது குத்த நாங்கள் குறித்திருந்த அதே ஞாயிறு. உறவினர்களை அழைத்து முடித்திருந்தோம். நாளை மாற்ற வழியில்லை. காங்கேயத்துக்கு அப்பால் இருக்கும் குலதெய்வக் கோயிலில் காலையில் மொட்டை, காதுகுத்து, பந்தி. மதியம் கிளம்பினால் போதும், ஐந்தரை மணிக்குத்தான் முதல் பாட்டு. "தாராளமா வந்தரலாம்" என்றார் கணவர். நானும் நம்பினேன். திட்டமிடும்போது எந்தப் பக்கமும் தாமதமாவதில்லை.

மகள் பச்சைச் சேலையும் சலங்கையும் வைத்த பையை டிக்கியில் வைக்க விடவில்லை. கோயில் வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

மொட்டை அடித்து, மகன் தலையில் சந்தனம் பூசியாயிற்று. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். எனக்குப் பொள்ளாச்சியில் ஓர் அண்ணன், கோவையில் ஒரு தம்பி.

"அண்ணா, நீங்க உக்காருங்க" என்றான் தம்பி.

"அட, நீ உக்காருப்பா. பக்கத்துலயே இருக்கற. பையன் உங்கிட்டத்தான் ஒட்டுவான்."

"பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் எப்படிங்ணா?"

"நான் சொல்றேன்ல? உக்காரு சாமி."

இருவர் சட்டைப் பையிலும் ஒரு சிறிய நகைப்பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. இருவருக்கும் உட்கார ஆசை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் ஆசைப்பட்டவர் முதலில் மறுக்க வேண்டும், மற்றவர் வற்புறுத்த வேண்டும், பிறகுதான் உட்காரலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மறுத்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. கணவர் மாப்பிள்ளை என்பதால் வாய் திறக்க முடியாது. நான் யார் பெயரைச் சொன்னாலும் மற்றவருக்கு வருத்தம்.

"ஏனுங்க, ஆராச்சும் ஒருத்தரு உக்காந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்றார் காது குத்த வந்த ஆசாரி.

"செத்த இருங்க ஆசாரியாரே" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வேப்பமரத்து நிழல் எங்களை விட்டு நகர்ந்துவிட்டது. மகன் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்தது. என் கையிலிருந்த போனில் மணியைப் பார்த்துவிட்டு மகள் முன்னால் போனாள்.

"ஏனுங் மாமா, அவனுக்கு ரெண்டு காது இருக்குதில்லீங்? ஆளுக்கொரு காது எடுத்துக்கங்க."

அண்ணன்தான் முதலில் சிரித்தார். சிரித்தபடியே உட்கார்ந்தும்விட்டார். வலது காது அவர் மடியில், அவர் கொண்டுவந்த சிவப்புக்கல் கடுக்கனோடு. மகன் வீறிட்டான். அழுகை ஓயுமுன்பே அவனைத் தம்பி மடிக்கு மாற்றினார்கள். இடது காதுக்கு வெள்ளைக்கல். புகைப்படத்தில் மாமன்கள் இருவரும் பெருமையாக நிற்கிறார்கள், நடுவில் மகன் கைதான அரசியல்வாதி போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

பந்தியில் மறுபடியும் அதே கதை. "நீங்க உக்காருங்க", "வந்த உறம்பரையெல்லாம் சாப்புடட்டும், நாங்க அப்பறம் உக்காந்துக்கறோம்." நாங்கள் இலை முன் உட்கார்ந்தபோது ரசம் தீர்ந்திருந்தது. ஒருவழியாகக் காரில் ஏறினால், அண்ணன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"எளநி கொண்டாந்திருக்கறேன் மாப்ள. ஆளுக்கு ஒன்னு குடிச்சுட்டுப் போலாம்."

"அடுத்த வாரம் உங்கூட்டுக்கே வந்து குடிக்கறனுங் மாமா. இப்ப உடுங்க" என்றாள் மகள். குரல் உடையத் தொடங்கியிருந்தது.

"என்னம்மணி, உம்புள்ள நம்மளத் தொரத்துது!" என்றார் என்னிடம்.

அப்போதுதான் அரங்கேற்றத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவரை உறவினர் யாரிடமும் சொல்லவில்லை. விருந்துக்கு அழைத்துவிட்டுச் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சொன்னால், வந்தவர்களை விரட்டுவது போலாகுமே என்று நானும் கணவரும் பேசிவைத்து மறைத்திருந்தோம்.

"அட, இத மொதல்லயே சொல்றதில்லியா?" அண்ணன் ஜன்னலை விட்டார். "தம்பி, வண்டிய எடு. நாமளும் போய்ப் பாப்போம்."

மூன்று கார்களாகக் கிளம்பினோம். பின்னிருக்கையில் நான் மகளுக்குச் சேலை கட்டினேன். ஓடும் வண்டியில் மடிப்பு நிற்கவில்லை, ஊக்கு குத்தி நிறுத்தினேன். அவிநாசி சாலையில் வண்டிகள் நகரவில்லை. காந்திபுரம் வருவதற்குள் ஐந்தரை தாண்டிவிட்டது. மகள் சலங்கையைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும்போது அவளிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். எல்லா வாக்கியத்தையும் நானே அடித்தேன்.

மைதானத்தில் பாட்டுச் சத்தம் இல்லை. முடிந்துவிட்டதோ என்று பயந்தேன். பச்சைச் சேலைகள் வரிசையாக நின்றன. இரண்டாவது வரிசையில் ஓர் இடம் காலி. மேடையில் நாற்காலிகள் இருந்தும் பெரியவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்க ஏத்துங்க."

"நீங்க இருக்கறப்ப நானுங்களா? தலைவர் ஏத்தட்டும்."

"நல்லா இருக்குதுங்க! மூத்தவங்க நீங்க இருக்கறீங்க."

குத்துவிளக்கு ஏற்ற வேண்டிய மெழுகுவர்த்தி கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. மகள் குனிந்து சலங்கையைக் கட்டினாள், ஓடினாள். ஆசிரியை புருவத்தை மட்டும் உயர்த்தினார். அவள் காலி இடத்தில் போய் நின்ற பிறகும் மெழுகுவர்த்தி இன்னொரு சுற்று வந்தது.

எனக்குப் பின்னால் அண்ணன் அலுத்துக்கொண்டார். "என்னப்பா இது, நேரம் போயிட்டே இருக்குது. ஆரோ ஒருத்தரு ஏத்தினா ஆகாதா?"

"அதானுங்ணா" என்றான் தம்பி. இருவர் முகத்திலும் சிரிப்பே இல்லை.

விளக்கு எரிந்தது. பாட்டு எழுந்தது. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் தட்டின. இரண்டாவது வரிசையில் இப்போது இடைவெளி இல்லை. முதல் சுற்று திரும்பும்போது மகள் எங்களைத் தேடிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கணவர் தோளில் மகன் தாளம் தப்பிக் கைதட்டினான். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமாகக் காதுகள் மின்னின.

எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான்.

நான் போய் உட்கார்ந்து, என் மகள் ஆடியதை முழுதாகப் பார்த்தேன்.