கறுத்த நகத்துக்கு ஏற்ற பச்சை

என் தங்கையின் வலக்கை நடுவிரலைப் பார்த்ததும், கையிலிருந்த நக அரத்தை எடுத்து ஒருவன் கழுத்தில் செருக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. டாக்டரிடம் காட்ட வேண்டும், ஐஸ் வைக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. நான் அப்படித்தான். என் கோபம் எனக்கு முன்னால் நடந்து போகும், நான் பின்னால் மூச்சு வாங்க ஓடுவேன்.

நகம் அடியோடு கறுத்திருந்தது. சுற்றிலும் தோல் வீங்கி, ஓரங்களில் காயம் பழுத்த மஞ்சளும் பச்சையும் இறங்கியிருந்தன.

"என்னடி இது?"

"காடி கதவுல நசுங்கிடுச்சுக்கா."

"கார்க் கதவ யார் சாத்துனது?"

அவள் சாய அலமாரியைப் பார்த்தாள். "எனக்கு நகம் போட்டு விடுறியா?" என்றாள்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில்தான் என் நகக் கடை. பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக் கடை. மீன் தலைக் குழம்பு வாசமும் சாயம் அழிக்கும் என் ரிமூவர் வாசமும் நாளெல்லாம் சண்டை போட்டுக்கொள்ளும். அன்று காலை கடையில் ஒரு சீன ஆண்ட்டி மட்டும் வெந்நீர்த் தொட்டியில் காலை ஊற வைத்துக்கொண்டு, போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தங்கை ஒருநாளும் என்னிடம் நகம் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொள்ளவும் முடியாது. அவள் பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் தொழிற்சாலையில், தூசி நுழையக் கூடாத அறையில் வேலை பார்த்தாள். நானும் முன்பு அங்கே இருந்தவள்தான். பவுடர் கூடாது, மல்லிகைப்பூ கூடாது, நகச்சாயம் கூடவே கூடாது. வாசலில் சூப்பர்வைசர் விரல்களைப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். அதனால் எங்கள் சனத்தில் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி நகத்தில் சாயத்தோடு எதிரே வந்தால், நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்க மாட்டோம். வேலைய விட்டாச்சா என்றுதான் கேட்போம்.

நானும் அதைத்தான் கேட்டேன்.

"விட்டுட்டேன். அவருக்குத் தெரியாது. மத்தியானம் பட்டர்வொர்த்துல ரயில். ஜொகூர்ல கூட்டாளி ஒருத்தி ரூம்பு பாத்து வச்சிருக்கா, வேலையும் சொல்லி வச்சிருக்கா."

கேட்டதும் கையிலிருந்த அரத்தை மேசையில் வைத்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அவள் முன்பும் கிளம்பியவள்தான். ஒருமுறை புக்கிட் மெர்தாஜாமில் பெரியம்மா மகள் வீடு வரை போனாள். அவள் புருஷன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, எல்லார் காலிலும் விழாத குறையாக அழுது, கூட்டிப் போய்விட்டான். இன்னொரு முறை என் கடை மாடியிலேயே வந்து படுத்தாள். விடிந்ததும் தானாகவே போய்விட்டாள்.

"அப்படின்னா நேரா ஃபெரி ஏறி அக்கரைக்குப் போ. நகம் என்ன இப்ப கேக்குது? அவன் வந்துட்டான்னா? எம்சி லீவு எடுத்தேன், உடம்பு சரியில்லன்னு ஏதாச்சும் சொல்லித் தப்பிக்கலாம். நகத்தப் பாத்தான்னா புரிஞ்சிடும்லா."

"அதுக்குத்தான்கா கேக்குறேன்." அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "ஒவ்வொரு தடவையும் எது என்னத் திரும்பக் கூட்டிட்டுப் போச்சு தெரியுமா? அவர் இல்ல. திங்கக்கிழமை ஷிஃப்ட் இருக்கேன்னுதான் போவேன். ஷிஃப்ட்டுக்குப் போனா பஸ் வீட்டு வாசல்லதான கொண்டாந்து விடும். இது போட்டுக்கிட்டா லைனுக்குப் போக முடியாதுல்ல."

"ரிமூவர் தொட்டா ஒரு நிமிசத்துல போயிடும்டி."

"நான் உக்காந்து தேய்க்கணும்ல? ஒவ்வொரு விரலா. அதுக்குள்ள புத்தி வந்துடும்."

உட்கார் என்றேன்.

அடிபட்ட நகத்தில் சாயம் போடக் கூடாது என்பது தொழிலின் விதி. போட்டேன். ஜெல் போட்டால் விளக்கில் வைத்த கணத்தில் காய்ந்துவிடும், ஆனால் அந்தச் சூடு இப்படி ஒரு நகத்துக்கு நரகம். ஆகவே சாதாரணச் சாயம்தான், காற்றில்தான் காய வேண்டும். அவன் செய்த காயமே அவளை என் நாற்காலியில் கூடுதல் நேரம் கட்டிப்போட்டது. நினைத்தால் இப்போதும் பல்லை நறநறவென்று கடிக்கிறேன்.

முதலில் வெள்ளை. மற்ற விரல்களில் பளிச்சென்று ஏறியது. நடுவிரலில் மட்டும் அடியிலிருந்து கறுப்பு சாம்பலாக எட்டிப் பார்த்தது. இன்னொரு பூச்சு போட்டேன். மறுபடியும் எட்டிப் பார்த்தது. என்ன நிறம் போட்டாலும் அந்த விரல் தனியாக நின்று காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் முடிவெடுத்தேன். அதை மறைக்கப் போவதில்லை, மற்ற எல்லா விரல்களையும் அதைப் போல ஆக்கிவிடுவது.

புகை பரவியது மாதிரி நகம் வரைவது எனக்குப் பழக்கம்தான். வெள்ளை காய்ந்ததும் மேலே பாண்டான் இலைப் பச்சையில் ஒரு சொட்டு, அதன் பக்கத்தில் பாசிப் பச்சை, ஓரத்தில் கறுப்போடு கலந்த கரும்பச்சை. அவை காய்வதற்குள் மெல்லிய தூரிகையை ரிமூவரில் நனைத்து விளிம்பைத் தொட வேண்டும். தொட்ட இடத்திலிருந்து சாயம் பயந்து ஓடும். ஓடுகிற வழியில் நீர்த்து, அடியிலுள்ள வெள்ளை தெரிய, தாளில் நீர்வண்ணம் ஊறியது போல நிற்கும். அதிகம் தொட்டால் மொத்தமும் கரைந்துவிடும். கை நிதானம் வேண்டும். எனக்கு அன்று அது இல்லை. அதுவும் புகைக்கு நல்லதாகத்தான் போயிற்று.

நடுவிரலை மட்டும் தொட்டும் தொடாமலும் செய்தேன். அந்தச் சாம்பலின் மேல் பாசியை விட்டதும் அது நான் வேண்டுமென்றே போட்ட நிழல் மாதிரி ஆகிவிட்டது. பத்து விரல்களையும் சேர்த்துப் பார்த்தால் எது அடிபட்டது என்று என் அம்மா உயிரோடு வந்தாலும் சொல்ல முடியாது. அவள் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"காயட்டும், மேல் பூச்சு போடணும், அசையாத" என்றேன்.

கதவு மணி அடித்தது. அவன் நின்றான்.

தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன் அவனுடைய கூட்டாளி. இரண்டு நாளாக உன் சம்சாரத்தைக் காணோமே என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். அக்கா கடையைவிட்டால் அவளுக்குப் போக்கிடம் ஏது என்று நேரே வந்துவிட்டான்.

"அக்கா, சாப்டாச்சா?" என்றான் முதலில். எப்போதும் அந்த மரியாதைதான். ஊரே அவனை நல்லவன் என்று சொல்வது இந்த வாயினால்தான். பிறகு மேசையில் விரித்திருந்த கைகளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்குச் சேர்வதை நான் பார்த்தேன். பச்சை. ஈரம். லைன் இல்லை. லீவும் இல்லை.

"விட்டுட்டியா?"

அவன் என் தள்ளுவண்டியிலிருந்து ரிமூவர் புட்டியை எடுத்தான். பஞ்சு வேண்டாம் போலிருக்கிறது, டிஷ்யூவைக் கொத்தாகப் பிடுங்கினான். அவளுடைய வலக்கை மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தி, புட்டியைக் கவிழ்த்து ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தான். "நாளைக்கு காலையில வேலைக்குப் போற. சூப்பர்வைசர் கால்ல விழு, என்ன வேணாச் செய். போற."

கட்டைவிரல். ஆள்காட்டி விரல். ரிமூவர் அவள் தோல் வெடிப்புகளில் இறங்கிக் கண்ணில் நீர் கோத்தது. கையை அவள் இழுக்கவில்லை. அதுதான் எனக்கு வெறியேற்றியது. நடுவிரலுக்கு வந்ததும் அவன் தேய்ப்பதை நிறுத்தினான். டிஷ்யூவோடு அந்த நகத்தை அழுத்தினான். அழுத்திக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். வலி எங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

நான் ஜெல் விளக்கைப் பிடுங்கி அவன் தலையைப் பார்த்து வீசினேன். பிளாஸ்டிக் சனியன், தோளில் பட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் என் வாயில் இடித்தான். பல் ஒடிந்த சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. சாயப் புட்டிகளோடு சேர்ந்து தரையில் விழுந்தேன். எழுவதற்குள் வயிற்றில் ஒரு உதை. அடுத்த உதைக்குக் காலைத் தூக்கினான்.

அப்போது என் தங்கை கத்தினாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து அவன் மேல் பாய்ந்து, இன்னும் அழிக்காத இடக்கையால் அவன் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை வழித்து இழுத்தாள். ஒட்ட வெட்டிய நகம்தான். ஆனாலும் கீறியது. ரத்தத்தோடு ஈரப் பச்சையும் அவன் கன்னத்தில் கோடு கோடாக இழுபட்டது. சீன ஆண்ட்டி எழுந்து, தன் கால் ஊறிய தொட்டியை அப்படியே தூக்கி அவன் மேல் கொட்டினார். அவன் கண்ணைத் துடைப்பதற்குள் இரும்பு ஸ்டூலை எடுத்து நெற்றியில் ஒன்று வைத்தேன். இரண்டு வைத்தேன். மூன்றாவதை நாசி கண்டார் கடை அண்ணன் வந்து தடுத்துவிட்டார். "போதும்லா தங்கச்சி, செத்துறப் போறான்" என்று அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். சாகட்டும் என்றுதான் நான் கத்தினேன். இன்றுவரை அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கவில்லை.

போலீஸ் நிலையத்துக்கு எங்களுக்கு முன்னால் அவன்தான் போய்ச் சேர்ந்திருந்தான். நெற்றியில் துணியை வைத்துக்கொண்டு, பெண்டாட்டியின் அக்கா கொல்லப் பார்த்தாள் என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தான். கன்னத்தில் பச்சைக் கோடுகள் காய்ந்து இறுகியிருந்தன. எழுதிக்கொண்டிருந்தவர் அவன் பேச்சைக் கேட்பதா, கன்னத்தைப் பார்ப்பதா என்று தடுமாறினார்.

எங்களை ஒரு பெண் போலீஸ் உட்கார வைத்தார். என் வாய் நிறையக் கடைப் பஞ்சு. என்னால் பேச முடியாது. பேச வேண்டியவள் அவள்தான், அவளோ குனிந்தே இருந்தாள். ரயில் நேரம் தாண்டிவிட்டது. இப்போது அவன் இந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்தை இனிமையாகப் பேசினால் போதும், எழுந்து போய்விடுவாள். அவனும் வந்தான். "குடும்ப விசயம் புவான், நாங்களே பேசித் தீத்துக்குறோம்" என்று பெண் போலீஸிடம் மலாயில் குழைந்தான். அவளிடம் தமிழில் மெதுவாக, "வா, வீட்டுக்குப் போவோம். அக்காவுக்கு நானே பல்லு கட்டித் தரேன்" என்றான்.

பெண் போலீஸ் அவனைப் பார்க்கவில்லை. கவுன்டர் மேலிருந்த அவள் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தேய்த்த விரல்களில் சாயமெல்லாம் போய், நகக்கண்களில் மட்டும் பச்சை தங்கி, நடுவிரல் கன்னங்கரேலென்று கிடந்தது. நான் போட்ட பச்சை இருந்திருந்தால் உலகத்தில் யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது. அவ்வளவு நன்றாக மறைத்திருந்தேன். அவனே வந்து, அவனே ஊற்றி, அவனே துடைத்து, வெளிச்சத்தில் வைத்திருக்கிறான்.

"இது எப்படி?" என்று அவர் மலாயில் கேட்டார்.

அவன் முந்திக்கொண்டான். "காடி கதவு, புவான்."

என் தங்கை தலையைத் தூக்கினாள். "கதவுதான். இவர் சாத்தினார். நான் கைய எடுக்கலன்னு தெரிஞ்சும் சாத்தினார். திறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திறந்தார்." மலாயில், நிதானமாக, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இப்ப என் அக்கா பல்ல ஒடச்சிட்டார்" என்றாள். அப்போதுதான் குரல் உடைந்தது.

அவனை வேறு அறைக்குக் கூட்டிப் போனார்கள். பெண் போலீஸ் கணினியில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். பெயர் கேட்டார், சொன்னாள். வயது, சொன்னாள். வேலை, இல்லை என்றாள். கணவன் பெயர் கேட்டார், அதையும் சொன்னாள்.

"வீட்டு முகவரி?"

அவள் வாய் திறந்து, பழக்கத்தில் அவன் வீட்டு எண்ணைச் சொல்லப் போனது எனக்குத் தெரிந்தது. நிறுத்தினாள். என் கடை முகவரியைச் சொல்லட்டும் என்று நான் பஞ்சு அடைத்த வாயோடு அவள் முழங்கையை இடித்தேன். அவள் என்னைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தாள்.

"பெலும் அடா, புவான்" என்றாள். இன்னும் இல்லை.

பெண் போலீஸ் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். நான் பஞ்சைத் துப்பிவிட்டு, அங்கேயே, எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு அழுதேன்.