பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

எங்க எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு, கடிதம் பார்க்கிற சின்ன கிராணி நாங்க ரெண்டு பேர். நான் வந்து பதினாறு வருஷம். இன்னொருத்தி, அவ வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. பெரிய கிராணி இந்த மாசத்தோட ரிட்டயர் ஆகுறார். அந்த மேசை யாருக்குன்னு மேனேஜர் துரைதான் சொல்லணும். எனக்குத்தான்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க.

அப்பத்தான் அவ சொந்தமா ஒரு கீபோர்டு வாங்கிட்டு வந்தா. மெக்கானிக்கலாம். அடி முழுக்க அலுமினியம், மேசையில வெச்சா அசையாது. பட்டன் ஒவ்வொண்ணும் இறங்கி, 'டொக்'னு நின்னு, விரலைத் தூக்கி விடும். சனிக்கிழமை ஆனா ஒவ்வொண்ணாக் கழட்டித் தொடச்சு, உள்ள சுவிட்சுக்குச் சொட்டு எண்ணெய் வேற. என்னமோ பிள்ளைக்குத் தலை வாரி விடுற மாதிரி! என்னோடது ஆபீஸ் குடுத்தது. இந்தப் பனியில நமத்துப்போன அப்பளம் மாதிரி, சத்தமே வராது.

துரை ரூமுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவர்தான். அவர் எங்க வேலையைப் பார்க்கிறதில்ல, காதால கேக்கிறார். அவ தட்டினா, "கேட்டீங்களா, என்னா வேலை!"ன்னு வந்தவங்ககிட்ட பெருமை. தப்பா அடிச்சு அழிக்கிறதுக்கும் அதே சத்தந்தானே, அது அவருக்கு எங்க தெரியும்? ரெண்டு பக்கம் முடிச்ச எனக்கு, "என்னம்மா, தூங்கிட்டியா?" வயிறு பத்திக்கிட்டு எரியும்.

போன வியாழக்கிழமை, துரை டீ குடிக்கப் போன நேரத்துல, பல்லு வலின்னு அவ கம்போங் ராஜா டவுன் கிளினிக்குக்குக் கிளம்பிட்டா. என் கீபோர்டுல ஸ்பேஸ் பட்டன் ஒட்டிக்கிச்சு. வெளிநாட்டு ஆளுங்க பெர்மிட் லிஸ்ட் அன்னிக்கே போகணும். வேற வழியில்லாம அவ இடத்துல உக்கார்ந்தேன்.

சத்தியமாச் சொல்றேன், முதல் வரியிலயே மயங்கிட்டேன். கை தானா ஓடுது. இத்தனை நாளும் இந்தச் சொகத்தையா அனுபவிச்சா, பாவி! இன்னும் வேகமா அடிச்சேன். துரை திரும்பி வந்து ரூமுக்குள்ள போனதுகூடத் தெரியல.

உள்ளேருந்து குரல் குடுத்தார். "ஏம்மா, ஒண்ணாந்தேதியிலேருந்து பெரிய கிராணி மேசை உனக்குத்தான்."

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. வாயைத் தொறக்கிறதுக்குள்ள அவரே தொடர்ந்தார்.

"அக்காகிட்ட இப்ப மூச்சு விடாதலா. பதினாறு வருஷம் இருந்தவங்க, மனசு கஷ்டப்படும். நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

கை நின்னா தெரிஞ்சிடும். தட்டிக்கிட்டே இருந்தேன்.